இரண்டு தட்டும் சேர்ந்து வந்த கப்பல்

எங்கள் தெருவில் கப்பலில் போய் வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். அதுவும் இரண்டு தடவை, இரண்டு வேறு வேறு கம்பெனிக் கப்பலில். அதனால் அறுபதைத் தாண்டிய யாருக்காவது பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து, "அப்பா அம்மா ரெண்டு பேரையும் கப்பல்ல அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டால், அவர்கள் முதலில் எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து செருப்பைக் கழற்றுவார்கள். எந்தக் கப்பல் நல்ல கப்பல், எதில் சாப்பாடு பரவாயில்லை, எதில் முட்டிவலிக்காரர்கள் ஏறி இறங்க முடியும் என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். எங்கள் பூதலூரில் எந்த ரயில் நிற்கும், எது நிற்காது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லும்போது அவருக்கு ஒரு தோரணை வரும். அதே தோரணைதான் கப்பலுக்கும்.

"சென்னையில ஏறுறதுதாங்க நல்ல கப்பல். சிங்கப்பூர்க் கப்பல் பெருசு, பளபளப்பு, ஒத்துக்கிறேன். ஆனா வாயில வைக்க ஒண்ணும் கிடையாது" என்பார். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். நான் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். நானும் அதே இரண்டு கப்பலில் அதே இரண்டு தடவை போனவள்தான். காபி கொண்டுவருகிறவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

எனக்கு இருந்தது. இருக்கிறது. அவர் சொல்வதற்கு நேர் எதிர்.

முதல் கப்பல் சென்னையில் புறப்பட்டு இலங்கைப் பக்கம் போய்த் திரும்புவது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள் எங்களுக்கு நாற்பதாவது கல்யாண நாள் என்று சொல்லி அதற்கு ஏற்பாடு செய்தாள். துறைமுகத்தில் அதை முதலில் பார்த்தபோது, தஞ்சாவூர்க் கல்யாண மண்டபங்களையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தண்ணீரில் விட்டது போல இருந்தது. உள்ளே போனால் சத்தமும் அதேதான். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் பாட்டு, மாடிப்படியில் பாட்டு, லிஃப்டுக்குள்ளும் பாட்டு. கம்பெனி ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஆடினார்கள். இவருக்கு எல்லாமே பிடித்துப்போயிற்று. வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசினார்கள். சமையல்கட்டில் மன்னார்குடிக்காரர் ஒருவர் இருப்பதை ஏறின அன்றைக்கே கண்டுபிடித்து, மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று நடுக்கடலில் நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். இவர் கைகழுவிவிட்டு நேராகப் போய் ஒரு மேஜையில் உட்கார்ந்தார். தனக்கு முன்னால் இருந்த இடத்தைக் கையால் துடைத்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். காத்திருந்தோம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தவர் தானே எழுந்து போய்ப் பாத்திரத்தில் கைவைப்பது மரியாதையே இல்லை. கூப்பிட்டவர்கள்தான் பரிமாற வேண்டும். 'பந்திக்கு முந்து' என்று சொல்லி வைத்தவர்கள்கூட முந்தி உட்காரத்தான் சொன்னார்கள், முந்தி அள்ளச் சொல்லவில்லை. அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. தட்டும் கையுமாக மலைபோல் அள்ளிக்கொண்டு போனார்கள்.

"என்ன இது, இன்னும் இலையே போடலை?" என்றார் இவர்.

"இங்க நம்மளே போய் எடுத்துக்கணும் போலிருக்குங்க."

"நானா?" என்று கேட்டார். கோபமில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

நான் எழுந்து போனேன். அவ்வளவுதான், அந்தக் கப்பலில் என் வேலை அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. இவருக்குத் தட்டில் சாதம், மீன் வறுவல், கூட்டு. பிறகு சாம்பாருக்கு ஒரு நடை, அப்பளத்துக்கு ஒரு நடை, "அந்த மீன் இன்னும் ரெண்டு கொண்டா" என்றதும் ஒரு நடை. வீட்டிலும் இதே நடைதான். அங்கே தரை ஆடாது, அது ஒன்றுதான் வித்தியாசம். நான் எனக்கு ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வந்து உட்காரும்போது இவர் கைகழுவி முடித்திருப்பார். "நான் போய்க் கொஞ்சம் கடலைப் பாக்குறேன்" என்று எழுந்துவிடுவார். எதிரில் காலி நாற்காலியை வைத்துக்கொண்டு ஆறிப்போன பூரியைச் சாப்பிடுவேன். சாப்பாடு நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். இவர் இன்றைக்கும் அந்த மீனைப் பற்றிச் சொல்கிறாரே.

அந்தக் கப்பலுக்கு நான் மார்க் போடுவதானால் ஒரே ஒரு சாயங்காலத்துக்குப் போடுவேன். மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கரை கண்ணுக்குத் தெரியவே இல்லை. இவர் ஒரு பக்கமாகக் கையை நீட்டி, "அந்தப் பக்கம்தான் பூம்புகார். காவிரி நம்ம வயல்ல பாஞ்சது போக மிச்சம் அங்கதான் வந்து விழுது" என்றார். திசை சரியா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் இருட்டும் வரைக்கும் நானும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனசுக்கு இதமாக இருக்கிறது.

கடைசியில் சாப்பிடுவது எனக்கு அந்தக் கப்பலில் தப்பாகத் தோன்றவே இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நான் கீழ்வேளூர்ப் பக்கம் பிறந்தவள். கடைமடை. மேலே உள்ள ஊரெல்லாம் நனைந்து முடித்த பிறகுதான் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டிப் பார்க்கும், சில வருஷம் அதுவும் பார்க்காது. பூதலூரோ தலைமடை. என்னைக் கட்டிக்கொடுத்தபோது, "இனிமே எம்பொண்ணுக்குத் தண்ணிக் கவலை கிடையாது" என்று என் அப்பா ஊரெல்லாம் சொன்னார். தண்ணீர்க் கவலை போனது உண்மைதான். ஆனால் வந்த இடத்தில் அடுக்களைக்குள் நான் கடைமடையாகவே இருந்தேன். கூட்டுக் குடும்பம். முதலில் வீட்டு ஆண்கள், அப்புறம் பிள்ளைகள், நடவு நாளென்றால் வேலை ஆட்கள், அப்புறம்தான் பெண்கள் நாங்கள். என் முறை வரும்போது ரசத்தில் தெளிவு போய் மண்டிதான் இருக்கும், அதுவும் ஆறி. யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. வழக்கம், அவ்வளவுதான். பிறகு பாகம் பிரிந்தது, மகளும் போய்விட்டாள், வீட்டில் இவரும் நானும் மட்டும் மிஞ்சினோம். முறை மட்டும் மாறவில்லை. இவர் சாப்பிட்டுக் கைகழுவினால்தான் எனக்குப் பசிக்கவே ஆரம்பிக்கும்.

இரண்டாவது கப்பலுக்கு வருகிறேன். மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்தபோது, அங்கிருந்து மலேசியா, தாய்லாந்து பக்கம் போய்வர ஏற்றிவிட்டாள். வெள்ளைக்காரக் கம்பெனி. முதல் கப்பலைப் போல இரண்டு மடங்கு இருக்கும். சத்தமே இல்லை. கால் வைத்தால் கம்பளம் அமுங்கும். தமிழ் பேச ஒருவரும் இல்லாததால் இவருக்கு முதல் நாளே முகம் தொங்கிவிட்டது. குழாயில் வரும் தண்ணீர் கடல் தண்ணீரிலிருந்து எடுப்பது என்று யாரோ சொல்லக் கேட்டு, அதிலே கொஞ்ச நேரம் உற்சாகமானார். "இவ்வளவு பெரிய கப்பலுக்கே முடியுதுன்னா உங்க கடைமடைக்குச் செய்யக்கூடாதா?" என்று என்னிடம் கேட்டார். நான்தான் முடியாது என்று தடுத்து வைத்திருப்பது போல.

காலையும் மதியமும் அங்கேயும் அள்ளிக்கொள்கிற சமாச்சாரம்தான். நானும் அதே நடைதான் நடந்தேன். ராத்திரிச் சாப்பாடு மட்டும் கீழே ஒரு கூடத்தில். ஜன்னல் ஓரமாக இரண்டே நாற்காலி போட்ட மேஜை, தினமும் அதே மேஜை, தினமும் பரிமாற அதே ஆள். இந்தோனேஷியாக்காரர். நடுத்தர வயது, சிரித்த முகம். இந்தியச் சாப்பாடு வேண்டும் என்று மகள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

முதல் சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் பருப்பும் ஒரு கிண்ணத்தில் சாதமும் வந்தது. நான் வழக்கம்போல எழுந்தேன். இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று சாதத்தைப் போட்டு, பருப்பை ஊற்றிவிட்டு, அடுத்து என்ன கேட்பார் என்று நின்றேன். பரிமாறுகிறவர் ஓடி வந்தார். எனக்கு என்னவோ வேண்டும் என்று நினைத்துவிட்டார். ஒன்றும் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். என் நாற்காலியைப் பின்னால் இழுத்து என்னை உட்கார வைத்து, மடியில் ஒரு துணியை விரித்தார். அவர் திரும்பியதும் நான் மறுபடி எழுந்தேன். இவர் தட்டில் பருப்பு தீர்ந்துவிட்டதே. மறுபடி ஓடி வந்தார். மூன்றாவது தடவை, எனக்கு உடம்பு ஏதோ சரியில்லை என்று தன் மேலதிகாரியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"உக்காரேன். எல்லாரும் பாக்குறாங்க" என்றார் இவர்.

உட்கார்ந்தேன். கரண்டியை அந்த ஆள் மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கையை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் என் தட்டில் இருந்ததைச் சாப்பிட ஆரம்பித்தேன். அது சூடாக இருந்தது.

பருப்பு சொல்லும்படியாக இல்லை. "பருப்பைத் தண்ணிக்குக் காட்டிட்டு எடுத்துட்டாங்க" என்றார் இவர். அது நியாயம்தான். நான் கொண்டுபோயிருந்த மாவடு இல்லையென்றால் அவர் பட்டினிதான். ஆனால் எனக்கு அந்தப் பருப்பு அமிர்தமாக இருந்தது. இதை யாரிடம் சொல்ல?

இன்னொரு விஷயம் அப்புறம்தான் கவனித்தோம். அந்த ஆள் ஒருநாளும் ஒரு தட்டை மட்டும் கொண்டுவந்து வைக்கவே மாட்டார். ஒரு சாயங்காலம் என்னுடையது தாமதமாயிற்று. இவருடையது தயாராகி அங்கே மேடையில் இருப்பது எங்கள் கண்ணுக்கே தெரிகிறது, ஆனால் வரவில்லை. இவருக்குப் பசி. தட்டைக் காட்டி, தன் வயிற்றைக் காட்டினார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டி, இரண்டு விரலையும் சேர்த்துக் காட்டினார். இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

"எதுக்கு என்னோடதை ஆற விடுறாங்க?" என்றார் இவர். என் தட்டுக்காக அவர் காத்திருந்தது கல்யாணமான இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான். அவர் பொருமினார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வந்தது.

பரிமாறுகிறவள் பார்ப்பது சாப்பிடுகிறவரின் உச்சந்தலையை. இவருக்கு முடி எப்படிக் கொட்டியது, எந்த வருஷம் எவ்வளவு வழுக்கை என்று எனக்கு அத்துபடி. ஆனால் சாப்பிடும்போது இவர் முகத்தை நேர் எதிரில் உட்கார்ந்து அந்தக் கப்பலில்தான் பார்த்தேன். இடப்பக்கத்துப் பல்லால் மட்டும் மெல்லுகிறார். பிடித்த பண்டமென்றால் புருவம் கொஞ்சம் மேலே போகிறது. பேச்சும் வந்தது. எங்கே உட்கார்ந்து பேசினோம் அதற்கு முன்னால்? வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சென்றால் "போதும்", "இன்னும் கொஞ்சம்" அவ்வளவுதானே.

இறங்குவதற்கு முந்தின சாயங்காலம் சின்னக் கிண்ணத்தில் ஓர் இனிப்பு வந்தது. கிண்ணம் சுடும், பார்த்துச் சாப்பிடுங்கள் என்று அந்த ஆள் எங்களுக்குச் சைகை காட்டினார். இவர் சிரிக்க ஆரம்பித்தார். விடாமல் சிரித்தார்.

"என்னங்க?"

"சூடு சூடுன்னு உங்கிட்டதான் சொல்லணும். நம்ம நிச்சயதார்த்தத்தன்னைக்கு, உங்க வீட்டுல, பந்தியில எனக்குச் சமையக்கட்டுக் கதவுக்கு நேரா எடம். எலை போட்டு இன்னும் உப்புகூட வைக்கலை. கதவிடுக்குல பாத்தா, கல்யாணப் பொண்ணு ஒரு டம்ளர் பாயசத்தை மடக்குன்னு குடிச்சுட்டு, நாக்கைச் சுட்டுக்கிட்டு, வெளிய நீட்டி நீட்டி விசிறிக்கிட்டு நிக்குது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது நடந்ததுதான். பயத்தில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை, திடீரென்று பசி காதை அடைத்தது, யாரும் பார்க்கவில்லை என்று எடுத்துக் குடித்தேன். என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"எப்ப சொல்றது? நீ எங்க உக்காந்த?" என்றார்.

அதைச் சொல்லிவிட்டு அவர் இனிப்பை ஊதி ஊதிச் சாப்பிட்டார். எனக்கு அந்தக் கப்பல் கரை சேரவே வேண்டாம் என்று இருந்தது.

சேர்ந்தது. ஊருக்கு வந்தோம். வந்த அன்று மத்தியானம் இவருக்குத் தட்டு வைத்துச் சாதம் போட்டுவிட்டு நின்றேன். ஏதாவது சொல்வார் என்று ஒரு நப்பாசை. "கப்பல்ல செத்துப்போன நாக்கு இப்பதான் உசுரோட வருது, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றார். ஊற்றினேன். கப்பல் கப்பலோடு போயிற்று. நானும் வாயைத் திறந்து கேட்கவில்லை. ஆனால் மத்தியானம் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் படுத்தால் அந்த ஜன்னலோர மேஜைதான் கண்ணுக்குள் வரும். கடல் வேண்டாம், கம்பளம் வேண்டாம், எனக்கு அந்த மேஜை வேண்டும் என்று இருக்கும். அறுபத்து மூன்று வயதில் இப்படி ஓர் ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அடுத்த லீவுக்கு எங்களை இன்னொரு தடவை அனுப்ப வேண்டுமாம். எந்தக் கம்பெனியில் போட என்று கேட்டாள். இவர் ஆரம்பித்துவிட்டார். சென்னைக் கப்பல்தான், இட்லி, மீன், மன்னார்குடிக்காரர், பூம்புகார்ப் பக்கம் பார்த்து நின்றது. எல்லாம் முடிந்த பிறகு மகள், "இருங்கப்பா. அம்மா, நீ சொல்லும்மா" என்றாள்.

நான் ரசத்துக்கு மிளகும் சீரகமும் பொடித்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைக்காமலே வந்து நின்றேன். எதுவானாலும் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"எனக்குச் சிங்கப்பூர்க் கப்பல்தான். அதுல நான் உக்காந்து சாப்பிட்டேன்."

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. இவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்துபோயிற்று.

"ஏன், இங்க உன்னை யாரு உக்கார வேணாம்னு சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. உக்காருன்னும் யாரும் சொல்லலை."

அதைச் சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். இவர் மகளிடம் என்ன சொல்லி வைத்தார் என்று தெரியாது. ரசம் நுரைகட்டிக்கொண்டு பொங்கி வந்தது, இறக்கி வைத்தேன். பெரிய சண்டை வரும் என்று நினைத்தேன். வந்தால் வரட்டும் என்றும் இருந்தது.

வழக்கமான நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார். தட்டு வைத்தேன், சாதம் போட்டேன், சாம்பார் ஊற்றினேன். அவர் கைவைக்கவில்லை.

"ஆறுதுங்க. சாப்பிடுங்க."

"உன் தட்டு எங்க?"

"நான் அப்புறம்..."

"ரெண்டும் ஒண்ணா வரட்டும்" என்றார். கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவர் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எனக்கு எந்த நாற்காலி என்று தெரியவில்லை. ஒன்றில் பழைய பேப்பர் அடுக்கியிருந்தது, இன்னொன்றில் அவர் துண்டு, எதிரில் இருந்ததில் மருந்துப் பை. அவரே எழுந்து பையை எடுத்துக் கீழே வைத்தார். உட்கார்ந்தேன். சாம்பார் சாதம் சாப்பிட்டோம். புதுப் பெண் மாதிரி எனக்கு வெட்கமாக இருந்தது, தலை நிமிரவில்லை.

அடுத்து ரசம். அடுப்புப் பக்கம் இருந்தது. என்னையறியாமல் எழுந்தேன்.

"உக்காரு" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

உள்ளே ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்க்கும் சத்தம் கேட்டது. "கரண்டி எங்க இருக்கு?" என்று கேட்டார். "மேல தொங்குது பாருங்க" என்றேன். துண்டால் பிடித்துக்கொண்டு ரசப் பாத்திரத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் வடை எடுக்கும் ஜல்லிக்கரண்டி. அதால் முகந்து பார்த்தார். ரசமெல்லாம் கீழே ஒழுகியது, கரண்டியில் ஒரு தக்காளித் துண்டு மட்டும் மிஞ்சியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு டம்ளரை எடுத்துப் பாத்திரத்துக்குள் விட்டு முகந்து, என் முன்னால் வைத்தார். முதலில் எனக்கு.

எடுத்துக் குடித்தேன். ஊதிக் குடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. என் முறை வரும்போது ரசம் ஆறித்தானே இருக்கும். நாக்கு பொசுங்கிவிட்டது. நான் வைத்த ரசம் இவ்வளவு சுடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டம்ளரை வைத்துவிட்டு, நாக்கை வெளியே நீட்டிக் கையால் விசிறிக்கொண்டேன்.

அவர் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்குக் கீழ்வேளூர்ல பாத்த அதே மூஞ்சி" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாக்கு சுட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பினாரா தெரியாது. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனவர், சொம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.